வாப்பா பேரில் ஒரு கிணறு

விடிந்ததும் தண்ணீருக்கு வந்த பெண்கள், கிணற்றில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை என்று கண்டு திகைத்து நின்றார்கள். கயிறு மபாஸாவின் தோளில் கிடந்தது. வாளி அவள் மடியில். அவளோ கிணற்றுக் கட்டின் மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். குவைத்தில் பதினொரு வருஷம் யார் யாரோ வீட்டுச் சட்டி கழுவி வந்தவளுக்கு எவரைக் கண்டும் பயமில்லை. அன்றைக்குத் துளியும் இல்லை.

அந்தக் கிணறு அவளே வெட்டுவித்தது. குவைத்துச் சம்பளத்தில், தன்னைப் பெற்று வளர்த்து மவுத்தாகிப்போன வாப்பாவின் பேரில், ஸதக்காவாக, ஊருக்குத் தருமமாக விட்டிருந்தாள். வேலிக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து. யார் ஒரு வாய் குடித்தாலும் அந்த நன்மை கப்ரில் அடங்கியிருக்கும் வாப்பாவுக்குப் போய்ச் சேரும். மாம்புரியில் உப்புக் கரிக்காத தண்ணீர் இதுதான் என்று சனம் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குளிரும்.

அந்த நல்ல தண்ணீர்தான் பக்கத்து வீட்டு அஸ்காவின் குழந்தையைப் படுத்தியது. இரண்டு மாதக் குழந்தை. தாய்ப்பால் போதாமல், இந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா. ஒருநாள் உதடு நீலம் பாரித்தது. தண்ணீரில் கிருமியோ என்று அஸ்கா கொதிக்க வைத்தாள். நீலம் கூடியது. இன்னும் கொதிக்க வைத்தாள், பாதியாக வற்றும்வரை. பாவம், பெற்றவள் வேறென்ன செய்வாள்? புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். இது கிருமி இல்லை, உரத்தில் இருந்து வரும் நைத்திரேற்று. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், நைத்திரேற்று அப்படியே தங்கி இன்னும் கடுமையாகும் என்றார். அல்ஹம்துலில்லாஹ், குழந்தை பிழைத்துக்கொண்டது. பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனார். நேற்றுப் பின்னேரம் முடிவு வந்தது. நைத்திரேற்று, இருக்கக்கூடிய அளவைப்போல இரண்டு மடங்கு. கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது.

உரம் எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தேவையில்லை. கிணற்றுக்குப் பின்னாலேயே மபாஸாவின் கூடப்பிறந்த காக்கா உசனாரின் மிளகாய்த் தோட்டம். மணல் தரை. மேலே யூரியாவை அள்ளிப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் அது கீழே போக எத்தனை நாள்?

செய்தி கேட்டு உசனார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன கூத்து இது? கயித்தக் குடு."

"தரேலா காக்கா."

"கொதிக்க வெச்சுக் குடிச்சா ஒண்டும் செய்யாது!"

அஸ்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கொதிக்க வெச்சுக் குடுத்துத்தான் என்ட புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினன், காக்கா."

உசனார் அவளுக்கு முதுகைத் திருப்பினார். குரலை இறக்கித் தங்கையிடமே வந்தார். "வாப்பாட பேருல உள்ள கிணறு. சனம் குடிக்கிறத நிப்பாட்டினா வாப்பாக்குப் போற நன்மைய நீ நிப்பாட்டுறாய். அத யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். விடியுமுன் சுபஹ் தொழுத பாயிலேயே இருந்து அதற்காகத்தான் அழுதிருந்தாள். நோகிற இடம் பார்த்து அவர் கைவைத்ததும் மபாஸாவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"வாப்பாட பேரச் சொல்லிப் பச்சப் புள்ளைக்கு நஞ்சு குடுக்கச் சொல்றீங்களா? குளிக்கட்டும், உடுப்புக் கழுவட்டும். குடிக்க விடமாட்டன்!"

"அப்ப நாங்க எங்க போற?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

"தண்ணி பவுசர் லொறி கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதி வெச்சிருக்கன். இண்டைக்கே கொண்டுபோய்க் குடுப்பன். வராட்டிப் போய்ச் சபை வாசல்ல குந்துவம். நீங்களும் வாங்க!"

உசனார் பாய்ந்து வாளியைப் பறித்தார், கயிற்றை இழுத்தார். மபாஸா கட்டின் மேலிருந்து சரிந்து மணலில் விழுந்தாள். அவள் எழும்புவதற்குள் அவர் வாளியைக் கட்டி இறக்கி, நிறையத் தண்ணீர் அள்ளியும்விட்டார். சத்தம் கேட்டு அவருடைய மகள் றிஸ்னா வந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை, கையில் தண்ணீர்க் கேத்தல். மாமி மபாஸாவின் கிணறுதானே, அவர்கள் வீட்டுக்கும் குடிதண்ணீர் இதுதான். குழந்தைக்கும் இப்போதுதான் பால்மா தொடங்கியிருந்தது.

மபாஸா மணலைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தாய் மகள். கேத்தல நீட்டு. காக்கா, நீங்களே ஊத்துங்க. ஒங்கட கையாலயே ஒங்கட பேரப்புள்ளைக்கு ஊத்துங்க."

ஒன்றும் அறியாத றிஸ்னா கேத்தலை நீட்டினாள். உசனார் வாளியைச் சரித்தார். அப்போது குழந்தை கொட்டாவி விட்டது. சின்ன வாய். அவர் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல சிவப்பு உதடுதான். ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை. தண்ணீர் கேத்தலுக்கு வெளியே, அவர் காலில் சிந்தியது. வாளியை அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டார்.

"நீ ஊட்டுக்குப் போ மகள்," என்றார் மெதுவாக. "கடைல போத்தல் தண்ணி வாங்கித் தாறன்."

"அஸ்காட புள்ளைக்கு ஆரு வாங்கிக் குடுக்கிற?" மபாஸா விடவில்லை. "மகள்ட காதுக்குள்ள சொல்லாதீங்க காக்கா. இவ்வளவு பேருக்கும் கேக்கச் சொல்லுங்க."

பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டுக் காத்து நின்றார்கள். தப்பிப் போக வழியில்லை என்று உசனாருக்குத் தெரிந்தது.

"இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க," என்றார்.

"ஏன் எண்டும் சொல்லுங்க."

அவர் தங்கையை முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் தலையைக் குனிந்தார்.

"என்ட தோட்டத்து உரம்," என்றார் உசனார், எல்லாருக்கும் கேட்க.