கொக்கித் தராசில் தொங்கிய பை

ஜெயசுதன் தன்னுடைய பல் பிறஸின் பிடியை இரும்பு வாளால் அறுத்துக்கொண்டிருந்தான். துண்டு நிலத்தில் விழுந்ததும் அதை எடுத்து மகள் ஆரபியிடம் கொடுத்தான்.

"இந்தா, உன்ரை பொம்மைக்குப் பொல்லு."

"பிறஸை ஏனப்பா வெட்டினனீங்கள்?"

"பல்லுத் தீட்டத் தலைப்பக்கம் காணும். மிச்சத்தை ஏன் சிலாபம் மட்டும் சைக்கிளிலை காவிக்கொண்டு உழக்க வேணும்?"

குசினி வாசலில் நின்ற மனைவி பிரசாந்தி, "அப்ப என்னையும் பாதியா வெட்டிக் கொண்டு போங்கோவன்" என்றாள்.

"உம்மடை வாய்ப் பாதி வேண்டாம். அது பாரம்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலம்! சந்தோசப்பட வேண்டியவள் ஏனோ அவனுடைய முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

நல்லூரில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்த்தவன் அவன். முதலாளி அதை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போனபின் வீட்டோடு இருந்தான். விடியக் கடற்கரைக்குப் போவான்; வெயில் ஏற வந்து சுவரைப் பார்த்துப் படுப்பான். கேட்டால் தலையிடி என்பான். பெற்றோல் கிடைக்காத வருசம் வாங்கிய சைக்கிள் மாமரத்தின் கீழ் துருப்பிடித்துக் கிடந்தது. ஒருநாள் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டான். விடுதியில் தங்கிய ஒரு சோடி விட்டுப்போன கூடாரத்தையும் சின்ன அடுப்பையும் பரணிலிருந்து இறக்கினான். பூநகரி, மன்னார், புத்தளம், சிலாபம் என்று கரையோரமாகத் தனியாகச் சைக்கிள் உழக்கிப் போகப் போகிறானாம். சமையலும் படுக்கையும் தன் பாடாம். பாதை பழகினால் வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாமாம்.

வல்வெட்டித்துறையில் அவர்கள் இருந்த ஒழுங்கைச் சனம் முழுவதும் அதை நம்பியது. பிரசாந்தியும் நம்பத்தான் விரும்பினாள்.

பாரம் குறைப்பதை அவன் ஒரு நோன்பு போலப் பிடித்தான். உடுத்தது போக ஒரு மாற்றுடுப்பு. துவாயில் அரைவாசி. பையைக் கட்டி, கூரை வளையில் தொங்கிய மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டுவான். முள்ளைப் பார்ப்பான். இறக்கி இன்னொரு சாமானை வெளியே எறிவான். "ஒரு கரண்டி கூடினாலும் எனக்குத் தெரியும்" என்று பெருமை வேறு.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் காலை அவன் கடைக்குப் போயிருந்தான். ஒருத்தர் பயணம் போக, வெறும் பையோடு விடும் வழக்கம் அந்தக் கரையில் எந்த வீட்டிலும் இல்லை. வேண்டாம் என்று அவன் எத்தனை தரம் சொல்லியும் கேளாமல், பருத்தித்துறை வடைப் பை ஒன்றை அடியில் ஒளித்து வைக்க அவள் பையைத் திறந்தாள். கூடாரத் துணிக்குள் தட்டையாக ஏதோ விரலில் பட்டது.

வெளியே எடுத்தாள். பொலித்தீன். உள்ளே அவனுடைய அடையாள அட்டை, ஆரபியின் படம். பொலித்தீனின் ஓரத்தை இரண்டாக மடித்து, மெழுகுதிரிச் சுடரில் ஓட்டி, காற்றுப் புகாமல் உருக்கி ஒட்டியிருந்தது. கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்த அவளுக்கு அந்த ஒட்டைப் பார்த்தாலே தெரியும். அது மழைத் தண்ணீருக்கு ஒட்டுவதில்லை.

அவளுடைய அண்ணன் சயந்தனும் அப்படித்தான் ஒட்டினான். நீர்கொழும்பில் ஐஸ் பக்டரி வேலை என்றுதான் அவனும் சொன்னான். பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு பை. "பாரம் கூடாதாம்" என்றான். அவன் களவாகப் படகேறி வெளிநாடு போகப்போவதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். காலைப் பிடித்துக் கதறினாள். ஒழுங்கை கூடியது, கதை பொலிசுக்குப் போனது, பயணம் நின்றது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டான். எந்தப் படகு, எந்தக் கரை, எந்த நாள், ஒன்றும் தெரியாது. செத்தானா என்று தெரியாது; செத்தான் என்று வைத்தாலும் திவசம் செய்யத் திதி தெரியாது. அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னதற்கு, "என்ரை பிள்ளை இல்லாத நாளை நீங்கள் குறிக்காதேங்கோ" என்று அம்மா எழும்பி வந்துவிட்டாள்.

பொலித்தீனை இருந்த இடத்திலேயே வைத்தாள். வடைப் பையை உள்ளே வைக்காமல் குசினிக்கே திருப்பிக் கொண்டுபோனாள். கத்தினால் சொல்லாமல் போவான். கத்தாவிட்டால் ஒரு பொய்யையாவது சொல்லிவிட்டுப் போவான். அவளுக்கு மிஞ்சியிருந்த தெரிவு அவ்வளவுதான்.

மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுச் சாடையாகக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, சாமானெல்லாம் பொலித்தீனிலை சுத்திறியள். பங்குனியிலை எங்கை மழை?"

"விடியப்பறம் பனி பெய்யும். கூடாரத்துக்கை ஈரம் வரும்." குழம்பைப் பிசைந்த கை நிற்கவில்லை. முகமும் நிமிரவில்லை.

"தனியப் போறியள். எனக்குப் பயமாக் கிடக்கு."

"நீர் ஏன் பயப்பிடுறீர்? நான் என்ன கடலுக்கே போறன், றோட்டிலைதானே."

கடல் என்ற சொல்லை அவள் எடுக்கவேயில்லை; அவன்தான் எடுத்தான். பங்குனியில் கடல் அலையடங்கிப் படகுக்கு வாகாய்ப் படுத்துக் கிடக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பின்னேரம் அவன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். பிரசாந்தி பையின் பக்கப் பொக்கற்றைத் திறந்து, காற்றடிக்கும் பம்பையும், மாற்று ரியூப்பையும், பஞ்சருக்கான ஒட்டுப் பெட்டியையும் எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தாள். மன்னார் றோட்டு முழுக்க உடைமுள். சில்லை நம்பிப் போகிற மனிசன் இவை இல்லாமல் படலையைத் தாண்ட மாட்டான். 'எங்கையடி பம்பு?' என்று கத்தட்டும். அடிக்க வரட்டும். வாளியோடு தூக்கிக் கொடுத்து, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். அந்தக் கத்தலைக் கேட்க அவள் காது ஏங்கிக் கிடந்தது.

விடிந்தது. அவன் பையைத் தூக்கித் தராசில் கொழுவினான்.

முள் நேற்று நின்ற இடத்துக்கு வரவில்லை.

அவன் முள்ளைப் பார்த்தபடி நின்றான். பக்கப் பொக்கற் ஒட்டிப்போய்த் தொங்கியது. அதையும் பார்த்தான். கை அங்கே போகவில்லை.

"என்ன, சரியே?" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ஓம். குறைஞ்சிருக்கு." பையைக் கழற்றினான். "நல்லம்தானே."

பிறகு சைக்கிளின் பின்கரியரில் பையை வைத்துக் கயிற்றை இறுக்கினான். தேவைக்கு மேல் இறுக்கினான். ஆரபி ஓடிவந்து சில்லைப் பிடித்தாள்.

"அப்பா, கூடாரத்துக்கை எனக்கும் இடம் இருக்கே?"

"இந்தக் கூடாரம் சின்னன் அம்மா."

"நானும் சின்னன்தானே."

அவன் குந்தி, பிள்ளையின் தலைக்குள் மூக்கை வைத்தான். எழும்பியபோது பிரசாந்தியைப் பார்க்காமல் சைக்கிளை உருட்டினான். அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். போய்ப் படலையைத் திறந்துவிட்டாள்.

ஒழுங்கை பெரிய றோட்டில் ஏறும் இடத்தில் கனிசியஸின் சைக்கிள் கடை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்று பார்த்தாள். அவன் கடை வாசலில் இறங்கினான்.

இறங்கினான்! ஒட்டுப் பெட்டி கேள், ஒரு ரியூப் கேள், சந்நிதியானே அவனைக் கேட்க வை. கனிசியஸ் பின்சில்லை அமத்திப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். உள்ளே போனான். திரும்பி வந்து சின்னதாக ஒன்றைக் கொடுத்தான். ஒட்டுப் பெட்டியும் அந்த அளவுதான். நெருப்புப் பெட்டியும் அந்த அளவுதான். ஜெயசுதன் அதைச் சட்டைப் பொக்கற்றில் போட்டான். பருத்தித்துறை பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது அவன் இல்லை.

அவள் நடந்தாள்; கடைசிக் கொஞ்சத் தூரம் ஓடினாள்.

"என்ன தங்கச்சி, உப்பிடி ஓடி வாறாய்?" கனிசியஸ் நிமிர்ந்தான். "உன்ரை மனுசன் இப்பதான் போறான். ஏதும் விட்டிட்டுப் போட்டானே?"

அவன் என்ன வாங்கினான் என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள். இடுப்பில் ஆரபி வெற்று றோட்டுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லை அண்ணை. சும்மா வந்தனான்."

கனிசியஸ் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குக் குனிந்தான். யாருடையதோ ஒரு ரியூப்புக்குக் காற்றடித்து, தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் அமத்தி, ஓட்டை தேடினான். கறுத்த தண்ணீருக்கு அடியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேலே வந்து உடைந்தன. பிரசாந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.