சொந்த அணிக்காரனைத் துரத்தியவன்

லீவன் பதினோரு வருஷமாக இந்தப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டுகிறான். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இரண்டாவது வந்திருக்கிறான், நாலாவது வந்திருக்கிறான், ஒருமுறை சாக்கடையில் விழுந்து பல் போனது. பிளாண்டர்ஸ் சீமையில் ஏப்ரல் மாதத்து இந்த ஒரு நாளில் ஜெயித்தவன் சாகும்வரை பீர்க்கடையில் காலை நீட்டி உட்காரலாம்.

கடைசி மேட்டில் கருங்கல் பாதை ஈரமாகக் கிடந்தது. அங்கேதான் யோரிஸ் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனான். லீவனின் அணிக்காரன்தான், போன வருஷம் வந்து சேர்ந்தவன், இந்தப் பந்தயத்துக்கே புதுசு.

மோட்டார் சைக்கிள்காரன் கரும்பலகையைத் தூக்கிக் காட்டினான். முன்னால் போகிறவனின் எண் 24 என்று எழுதி, பக்கத்தில் இடைவெளி நாற்பது வினாடி. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்.

லீவனையும் சேர்த்துப் பின்னால் ஐந்து பேர். தன் அணிக்காரன் முன்னால் போய்விட்டால் பின்னால் இருப்பவன் இழுக்கக் கூடாது. இவன் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் மற்றவர்கள் மறைவில் சும்மா வந்து கடைசியில் முந்திவிடுவார்கள். எந்த மடையனுக்கும் தெரிந்த விஷயம்.

லீவனுக்கும் தெரியும். ஆனால் வயிறு எரிந்தது. அணி மேலாளர் உர்பான் இப்போதெல்லாம் யோரிஸ் பேச்சுதான் பேசுகிறார். லீவனின் மனைவிகூட, அந்தப் பையனுக்கு நல்ல கால் என்றாள். வந்த முதல் தடவையே அவன் ஜெயித்துவிட்டால் தன் பதினோரு வருஷம் குப்பைதானே?

கொஞ்சம்தான் என்று முன்னால் போனான். பிறகு இன்னும் கொஞ்சம். பின்னால் எவனும் வாயைத் திறக்கவில்லை. சும்மா கிடைப்பதை எவன் வேண்டாம் என்பான்? ஹாலந்துக்காரன் ஹார்ம்சன் மட்டும் பக்கத்தில் வந்தான்.

"என்னப்பா, முன்னாடி போறது உங்க ஆளுதானே?"

"பலகை சரியாத் தெரியல."

"உன் முதுகுல இருபத்தொண்ணு, அவன் முதுகுல இருபத்துநாலு. ஒரே அணிக்கு அடுத்தடுத்த நம்பர்தானே தருவாங்க, வேணும்னா எண்ணிப் பாரு." சொல்லிவிட்டு மறுபடி மறைவுக்குப் போய்விட்டான்.

முப்பது வினாடி. பதினைந்து. கடைசிக் கிலோமீட்டரில் பிடித்தார்கள். யோரிஸ் திரும்பிப் பார்த்தான். திட்டுவான் என்று லீவன் எதிர்பார்த்தான். அவன் முகமோ மலர்ந்தது.

"வந்துட்டீங்களாண்ணே? எனக்கு முடிஞ்சுபோச்சு. பின்னாடி ஒட்டிக்குங்க, கொண்டுபோய் விடறேன்."

மிச்சமிருந்த மூச்சையெல்லாம் போட்டு இழுத்தான். இருநூறு மீட்டரில் ஒதுங்கி வழிவிட்டான். லீவன் எழுந்து மிதித்தான். கால் மரக்கட்டையாகியிருந்தது. ஹார்ம்சன் பக்கவாட்டில் போயே போய்விட்டான். லீவன் இரண்டாவது, யோரிஸ் ஐந்தாவது.

நிருபர்கள் ஓடிவந்தார்கள். லீவனைத் தாண்டி யோரிஸிடம்தான். தன்னைத் தனியாக விடக்கூடாதென்றுதான் அண்ணன் துரத்தி வந்தார் என்று அவன் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நிஜமாகவே நம்பினான், பைத்தியக்காரன்.

உர்பான் காரிலிருந்து இறங்கி வந்தார். லீவனின் காலைத்தான் பார்த்தார்.

"பத்துக் கிலோமீட்டர் நல்லாவே இழுத்திருக்கே. அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து யோரிஸுக்கு இழு."

லீவன் தலையாட்டினான். அப்போதும் அவன் கண் யோரிஸைச் சுற்றி நின்ற கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தது.