படுதாவுக்குக் கீழே

அண்ணி சாயப்பட்டறை வாசலுக்கு வந்தபோது கோபம் அவள் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. அவள் புருஷன் தொடங்கிய பட்டறை அது. அவர் கண்ணை மூடிய பிறகும் அந்த வீடு யாரிடமும் ஒரு சொல் கேட்டதில்லை. இப்போது பின்தெருப் பெண்கள் புகார் கொடுத்து, சோதனை அதிகாரியையும் வரவழைத்துவிட்டார்கள். கிணற்றில் சாயம் இறங்கிவிட்டதாம்.

"எங்க பட்டறைத் தண்ணியில விஷம்னு எவ சொன்னது?"

"நான்தாம்மா." பின்தெருத் தையல்காரி முன்னால் வந்தாள். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. "என்னைத் திட்டறதுக்கு முன்னாடி பட்டறைக் கழிவு ஓடற வாய்க்காலப் பாருங்க."

தண்ணீர் பளிங்கு போல ஓடியது. அதிகாரி ஒரு பாட்டிலில் பிடித்து மூடியைத் திருகினார்.

"சுத்தமாத்தானே இருக்கு?" என்றாள் அண்ணி.

"அதான் வயித்தெரிச்சல்!" தையல்காரி விடவில்லை. " நேத்து சிவப்பு, முந்தாநாள் ஊதா. ஆபீசர் வர்றாருன்னா மட்டும் எங்க சாக்கடை தலைகுளிச்சிட்டு வந்து நிக்குது."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணிக்குச் சுருக்கென்றது.

"எங்க வீட்ல பொய் சொல்ற வழக்கம் கிடையாது. தம்பி, இவங்க முகத்துக்கு நேரா சொல்லுங்க."

இப்போது பட்டறையை நடத்தும் கொழுந்தன், "ஆமா அண்ணி..." என்று இழுத்தான். அவன் கண் பின்சுவர்ப் பக்கம் ஓடித் திரும்பியது. அங்கே தரையில் ஒரு படுதா விரித்திருந்தது.

அண்ணி நேரே போய் அதைப் பிடித்து இழுத்தாள். கீழே ஒரு தொட்டி; அதை வாய்க்காலில் திறந்துவிட ஒரு திருகு. விளிம்புவரை ஊதாக் கழிவு. நெடி மூக்கைப் பிய்த்தது.

"இதை அடைச்சு வச்சுட்டு வாய்க்கால்ல நல்ல தண்ணிய விட்டிருக்கீங்க. ஆபீசர் போனதும் தெறந்துடுவீங்க, இல்லையா?"

"எல்லாப் பட்டறையிலயும் இதான் வழக்கம் அண்ணி. உள்ள போய்ப் பேசலாம். குடும்ப மானம்..."

"மானத்தைப் பத்தி நீ பேசாதே!" அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "உங்க அண்ணன் பேர் போட்ட பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டு, பிள்ளைங்க குடிக்கிற கிணத்துல விஷம் கலக்கறே. இந்த லட்சணத்துக்கு வக்காலத்து வாங்க என்னை வேற வர வச்சுட்டே!"

அதிகாரி நழுவப் பார்த்தார். "இதுக்குத் தனியா ஒரு நாள் வர்றேன்மா."

"வருவீங்க," என்றாள் அண்ணி. "தொட்டி காலியா இருக்கும். பாட்டில்ல இருக்கறதைக் கொட்டிட்டு இதைப் புடிங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். வேறு வழியில்லாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடித்தார்.

"சாட்சிக் கையெழுத்து யாரு?"

"மொதல்ல நான்," என்றாள் அண்ணி.

தையல்காரி கையை நீட்டி மறித்தாள். "வரிசையில வாங்கம்மா. நாங்க ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினப்ப நீங்க கதவைக்கூடத் தெறக்கல."

யாருக்குப் பின்னாலும் நின்று பழகாதவள் அண்ணி. அவள் முகம் சிவந்தது. ஆனாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

கொழுந்தன் மெல்லத் தொட்டிப் பக்கம் நகர்ந்தான்.

"அந்தத் திருகுல கை வச்சுப் பாரு," என்று அங்கிருந்தே அதட்டினாள், "அப்புறம் இருக்கு உனக்கு!"