முன்கூட்டியே சொன்ன மறுப்பு

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது வீட்டுச் சாமான்களோடு எங்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் அப்பாவிடம், தங்கை அம்மாவிடம். ஊர் வேறு, பள்ளி வேறு. இரண்டு வருஷமாக நாங்கள் பார்த்துக்கொள்வது ரோபோ போட்டிகளில் மட்டும்தான். அவள் பள்ளி அணிக்கு அவள் கேப்டன், என் பள்ளிக்கு நான்.

இந்த முறை தகுதிச் சுற்றுகள் முடிந்தபோது அவர்கள் இரண்டாம் இடம், நாங்கள் மூன்றாம் இடம். மதியம் கூட்டணித் தேர்வு; இரண்டிரண்டு அணிகளாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஜெயிக்கிற கூட்டணி இறுதிப் போட்டிக்கு வேறு ஊருக்குப் போகும். மூன்று நாள், ஒரே விடுதி. ஜன்னல் பக்கக் கட்டில் தனக்குத்தான் என்று தங்கை ஒரு மாதமாக ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த மூன்று நாளைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

முதலிடத்திலிருந்து வரிசையாக ஒவ்வொரு கேப்டனும் மைக்கில் தனக்குக் கீழே உள்ள ஓர் அணியைக் கூப்பிடுவார். போகலாம், மறுக்கலாம்; மறுத்தால் அந்தக் கேப்டன் வேறோர் அணியைக் கூப்பிடுவார். ஆனால் ஒரு தடவை மறுத்துவிட்டால் அதற்குப் பிறகு வேறு யாரும் நம்மைக் கூப்பிட முடியாது. நாமே கேப்டனாக நின்று, மிச்சமிருப்பவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். தங்கை என்னைக் கூப்பிடுவாள், நான் சரி என்பேன். இதுதான் எங்கள் ஏற்பாடு.

"யார்கிட்டயும் மூச்சு விடாத, அக்கா," என்று காலையில் ரோபோவின் சக்கரத்தை முடுக்கிக்கொண்டே சொன்னாள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. அதற்குப் பெயர் மரியாதை. மறுக்கப்போகிறோம் என்றால், கூப்பிடக்கூடிய கேப்டனிடம் முன்பே தனியாகச் சொல்லிவிடுவது இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம். இல்லாவிட்டால் நானூறு பேர் முன்னால் அவருக்கு மூக்குடைபடும். முதலிடத்து அணி எங்களைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. தங்கையிடம் சொல்லாமலே அவர்கள் கூடாரத்துக்குப் போனேன்.

அந்த அணியின் கேப்டனை எல்லோரும் மேனேஜர் என்றுதான் சொல்வோம். பதினேழு வயதுப் பெண். சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. நான் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். சுற்றிலும் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"உங்க தங்கச்சியைக் கூப்பிட்டா?" என்றாள்.

"நான் இருக்கிற வரைக்கும் அவ வேற யார்கூடவும் சேர மாட்டா."

பெருமையாகத்தான் சொன்னேன். அந்த வாயைத் தைத்துவிடலாம் போலிருக்கிறது இப்போது.

மேனேஜர் தன் தாளில் முதல் வரியில் இருந்த எண்ணை ரப்பரால் பொறுமையாக அழித்தாள். அங்கே எங்கள் அணியின் எண்ணை எழுதினாள். அதைப் பார்த்தேன். யாரைத் தவிர்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ரொம்ப நன்றிங்க. யாரு இப்படி வந்து சொல்றா," என்றாள்.

திரும்பி நடந்தேன். மற்ற கேப்டன்கள் எல்லாம் கடைசி நிமிஷம் வரை ரோபோ ரோபோவாக ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் ஆட்கள் மட்டும் எல்லா வேலையும் முடிந்தவர்கள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேனேஜர் கை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

தேர்வு தொடங்கியது. மேனேஜர் மைக்கை வாங்கி எங்கள் எண்ணைச் சொன்னாள்.

அப்போதுதான் புரிந்தது. சரி என்றால் தங்கையை விட்டுப் போகிறேன். மறுத்தால் தங்கை என்னைக் கூப்பிட முடியாது. அறிவிப்பாளர் இரண்டாம் தடவை கேட்டார். தங்கையின் கண் முன்னாலேயே போய் மேனேஜர் பக்கத்தில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. நாங்க வரல."

"பரவாயில்லைங்க," என்று மேனேஜர் மைக்கிலேயே சொன்னாள். "காலையிலேயே நேர்ல வந்து சொன்னீங்க. அந்த மரியாதைக்கு நன்றி."

அரங்கம் கைதட்டியது. தங்கை மட்டும் தட்டவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அடுத்து மேனேஜர் தங்கையின் அணியைக் கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எந்த முகத்தோடு ஆட்டினேன் என்று தெரியவில்லை. தங்கைக்குப் பின்னால் அவள் அணிப் பிள்ளைகள் ஆறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வர்றோம்," என்றாள்.

மேனேஜர் பக்கம் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அருகில் வந்ததும் ஒரு கணம் நின்றாள்.

"சொல்லாதேன்னு சொன்னேன்ல, அக்கா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்விட்டாள். இரண்டாம் இடத்து அணி முதலிடத்தோடு சேர்ந்துவிட்டதால் அடுத்த முறை எங்களுடையது. யாரை அழைக்கிறீர்கள் என்று கேட்டு அறிவிப்பாளர் மைக்கை என்னிடம் நீட்டினார். எல்லாக் கேப்டன்கள் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. தங்கை கூப்பிடுவாள் என்ற தைரியத்தில் நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை.