பேர் கேட்காத ஊசி

காலை ஏழு மணிக்குப் பெண்கள் வார்டில் ஊசித் தட்டு கிளம்பிவிடும். இன்சாஃப் அதைத் தூக்கிக்கொண்டு வரும்போதே வயதான பெண்கள் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். இருபத்திரண்டு கட்டிலுக்கு இரண்டே நர்ஸ். அதில் ஒருத்தி அன்றைக்கு லீவு. நைல் கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இது புதிதில்லை.

அந்த வார்டில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. மூத்த மகன் ஜாபிர் என்றால் தாய் உம்மு ஜாபிர், ஜாபிரைப் பெற்றவள், அவ்வளவுதான். பெற்றவளின் பேரை அந்நிய ஆண் காதில் விழ விடுவது மானக்கேடு என்று அங்கே பிள்ளைகள் நினைப்பார்கள். அதற்காகவே பள்ளிக்கூடத்தில் கட்டிப் புரண்டு சண்டை போட்டவர்கள் அவர்கள்.

முந்தின நாள் மத்தியானம் செங்கல் சூளையில் வேலை செய்கிற கலஃப் தன் தாயைக் கொண்டுவந்து சேர்த்தான். பித்தப்பையில் கல், மறுநாள் ஆபரேஷன். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் தாயின் பேரைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. போகிற வருகிற ஆணெல்லாம் படிப்பானே, எடுத்துவிடுங்கள் என்றான். இன்சாஃபுக்கும் மூன்று அண்ணன்மார். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தன் கையாலேயே அட்டையை அவிழ்த்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள்.

கலஃப் அதோடு விடவில்லை. தாயின் கட்டில் வாசலைப் பார்த்து இருந்தது. மூலைக் கட்டிலில் சர்க்கரை வியாதிக்காரம்மா ஒருத்தி இருந்தாள். அவளிடம் கெஞ்சி இரண்டு பேரையும் இடம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டுத்தான் வெளியே போனான். அந்தம்மாவின் மகன் பேரும் கலஃப். அதைத் தெரிந்துகொண்டு இரண்டு பெண்களும், நமக்கு ஒரே பிள்ளை, சோறு மட்டும் ரெண்டு பேருக்கும் போடமாட்டான் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

காலையில் இன்சாஃபின் தாளில் மூலைக் கட்டில், உம்மு கலஃப், இன்சுலின் இருபது யூனிட் என்று இருந்தது. நேரே மூலைக்குப் போய், முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"உம்மு கலஃப் தானே?"

"ஆமாம்மா." அந்தத் தாய் கையை நீட்டினாள். ஆபரேஷனுக்கு முன்னால் போடுகிற ஊசி என்று நினைத்துக்கொண்டாள் பாவம். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவித்த மொச்சையும் ரொட்டியும் வந்தன. வாசல் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்ன சிஸ்டர், எனக்கு ஊசி போடாமலே மொச்சையைத் திங்கச் சொல்றியே, என்னைச் சீக்கிரம் அனுப்பி வைக்கப் பாக்குறியா?"

இன்சாஃப் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். உங்களுக்கு என்ன ஊசி என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூலையைத் திரும்பிப் பார்த்தாள். வேர்வையில் குளித்தபடி கலஃபின் தாய் கட்டிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். கால் பின்னியது. இன்சாஃப் ஓடிப் போய்ச் சேருவதற்குள் தரையில் விழுந்து, மணிக்கட்டு அவள் உடம்புக்கு அடியில் மடங்கிப்போனது.

டாக்டர் வந்தார். பட்டினி கிடந்த உடம்பு, மயக்கம் வந்திருக்கு என்று சொல்லி, குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏற்றச் சொன்னார். கையைப் பிறகு படம் எடுக்கலாம் என்று திரும்பினார். ஒரு பாட்டில் போதாது என்பது இன்சாஃபுக்குத் தெரியும். இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். பாட்டில் தீர்ந்ததும் அந்தத் தாய் மறுபடி முழுகிப்போவாள், கேட்பார் இருக்கமாட்டார்கள். தலைமை நர்ஸ் இஹ்ஸான் பக்கத்தில் வந்து காதைக் கடித்தாள். வாயைத் திறக்காதே, நாலு பிள்ளை வைத்திருக்கிறாய், பட்டினி மயக்கம் என்று எழுதிவிட்டுப் போ என்றாள். கெட்டவள் இல்லை இஹ்ஸான். உண்மையை எழுதின இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவள்.

டாக்டர் வாசலைத் தாண்டிவிட்டார். இன்சாஃப் பின்னால் ஓடினாள்.

"டாக்டர், நான் இந்தம்மாவுக்கு இன்சுலின் போட்டுட்டேன். இருபது யூனிட். வேற ஒருத்தருக்குப் போட வேண்டியது."

அவர் திரும்பி ஓடிவந்தார். அரைமணிக்கு ஒருதரம் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டு, பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றி, சாயங்காலம் வரை இன்சாஃப் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அந்தத் தாய் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வராந்தாவில் கலஃப் நின்றுகொண்டிருந்தான். இன்சாஃப் அவனிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கை முஷ்டியாக இறுகியது. உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன் என்றான்.

"தப்பு என்னோடது தம்பி. பேரைக் கேக்காம ஊசி போட்டேன்."

அட்டையை எடுக்கச் சொன்னது நீதானே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். சொல்லாததால் அது தானாக அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. கட்டிலை மாற்றியதும் அவன்தானே. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்சாஃபுக்குப் பதினைந்து நாள் சம்பளம் பிடித்தார்கள். ஆனால் அவள் நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்ததால் வேறொன்றும் நடந்தது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பேர் எழுதிய பட்டை கட்டுவது, பேரை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் ஊசியோ மாத்திரையோ கொடுப்பது என்று ஆனது.

அடுத்த வாரம் ஒரு வண்டிக்காரர் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். காய்ச்சலில் அந்தம்மாவுக்குப் பேச்சே இல்லை. பேரைக் கேட்டதும் வண்டிக்காரர் எகிறினார். உம்மு ஸாபிர் என்று எழுது, எங்கள் வீட்டுப் பெண் பேரைச் சந்தையில் வைக்கவா வந்தோம் என்றார். ஆபரேஷன் தள்ளிப்போய், முறிந்த மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கிடந்த தாய்க்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்த கலஃப் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தான். வராந்தாவில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள்.

"அண்ணே, எங்கம்மா பேரு கிஃபாயா. போதும்னு அர்த்தம். அஞ்சாவது பொண்ணு, அதான் அப்படி வெச்சாங்க. அந்தப் பேரை மானம்னு மறைச்சேன். அந்தக் கையைப் பாருங்க, இனி மாவு பிசையுமான்னு தெரியலை. மரியாதைன்னு நாமதான் பேரை எடுக்கிறோம். ஊசிக்கு மரியாதை தெரியாது அண்ணே. பேரு சொல்லாத தாயி, யாரோட மருந்துக்கு வேணும்னாலும் கை நீட்டுவா."

வண்டிக்காரர் தரையைப் பார்த்தபடி பேரை முணுமுணுத்தார். இன்சாஃப் பேனாவைத் திறந்தபடி சொன்னாள்.

"காதுல விழலை அண்ணே. சத்தமா சொல்லுங்க."