ஈ மொய்க்காத கறிக்கடை

துணியால் மறைக்க முடியாத உடம்பு இந்த உலகத்தில் இல்லை என்று தையல்காரர் அறிவித்த வாரத்தில்தான், பக்கத்துக் கறிக்கடையின் ஈக்கள் மொத்தமாகக் கிளம்பி அவர் முதுகுக்குக் குடிவந்தன. அறிவிப்பில் பொய்யில்லை. தோள்பட்டைக்குக் கீழே மிளகளவு பரு ஒன்று முளைத்து, புண்ணாகி, ஆறாமல், மகள் பள்ளிக்கூடம் சேர்ந்து படித்து முடித்துக் கல்யாணமாகிப் போவதற்குள் சாப்பாட்டுத் தட்டளவுக்குப் படர்ந்திருந்தது. வருடத்துக்கு ஒரு மடிப்பைச் சட்டை முதுகில் கூட்டித் தைத்தார். உள்ளே பஞ்சுப் பட்டை கொடுத்தார். ரத்தம் கசியத் தொடங்கியதும் கறுப்புத் துணிக்கு மாறினார். அந்த மடிப்பைப் புது மாடல் என்று நம்பி ஊர் இளைஞர்களில் பாதிப்பேர் அதையே தைத்துக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதெல்லாம், வராந்தாவில் வெற்றுடம்போடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, "சட்டையக் கழட்டிட்டு நிக்கிறதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்" என்பார்.

ஈக்கள் ஒழுக்கமானவை. கடை திறந்ததும் வந்து மடிப்பின் மேல் சத்தமில்லாமல் உட்காரும். ஷட்டர் இறங்கும்போது போய்விடும். ஈ மொய்க்காத கறி என்று பெயர் பரவி, கறிக்கடைக்காரர் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்கினார். "டாக்டரு கீக்டருன்னு அவசரப்படாதீங்கண்ணே. இப்பத்தான் வியாபாரம் சூடு பிடிச்சிருக்கு" என்று ஈரலைச் சும்மாவே கொடுத்தனுப்பினார்.

"முதுகு உங்களோடது. நாத்தம் என்னோடது," என்றாள் மனைவி. பல வருடம் கெஞ்சியும் திட்டியும் ஓய்ந்தபின், ஒருநாள் மதியம் கடைக்கே வந்து நாலு மீட்டர் வெள்ளைத் துணி கேட்டாள்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அளவு வேணாம், தையலும் வேணாம். அப்படியே சுத்தி எடுத்துட்டுப் போயிருவாங்க."

தன் உடம்பின் மேல் தையலே இல்லாத துணி என்றதும் தையல்காரருக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் திரைக்குப் பின்னால் டாக்டரம்மாவிடம் மட்டும் காட்டினார். துளிச் சதையை எடுத்துப் பரிசோதித்ததில் தோல் புற்றுநோய் என்று வந்தது. மிளகளவில் வந்திருந்தால் கொஞ்ச நேர வேலை. இப்போது எலும்பைத் தொட்டுவிட்டது. வெட்டியெடுத்து, தொடைத் தோலால் மூடி, கதிர்வீச்சு கொடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"இத்தனை வருஷமா என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

"தைச்சிட்டிருந்தேன்."

ஆபரேஷனுக்குச் சேர்க்கும் நாளில், பெரிய ஆஸ்பத்திரியின் தெருவைப் பார்த்த வராந்தாவில், மடிப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் போய்வந்துகொண்டிருக்க, அவர் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார். ஈக்கள் அவருக்குப் பின்னால் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தன. நர்ஸ் அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.