வண்டியில் கட்டிய சிவப்பு அட்டை

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எல்லம்மா தன் இட்லி வண்டியின் தார்ப்பாயை விலக்கியபோது, கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் கூலி. அங்கே வேண்டாத சாமான்களுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். ஏழு நாள் விட்டுவைப்பார்கள். எட்டாம் நாள் அவற்றை லாரியில் ஏற்றி ஏலத்துக்கு அனுப்புவதுதான் அவன் வேலை. "செவப்பு கட்டிட்டா அவ்ளோதான்" என்பான்.

கட்டியவர் யார் என்பதிலும் சந்தேகமில்லை. சிவராமன். அதே தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெள்ளானூரில் வீடு கட்டி வந்ததிலிருந்து அவர் கண் அந்தக் குப்பை மேட்டின் மேல்தான். மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. பூங்காவைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருந்தது: உடைந்த ஃப்ரிட்ஜ், டயர், இரும்புக் கட்டில், இடித்த வீட்டுச் செங்கல். மனு கொடுத்து அலுத்துப்போன சிவராமன், தெருக்காரர்களையே சேர்த்துச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார்.

பழைய ஊர்க்காரர்கள், குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள், அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், ஷெட்டில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகள் என்று எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், அந்த மேட்டோரத்தில் நிற்கும் எல்லம்மாவின் வண்டிக்குத்தான் வர வேண்டும். முதல் கூட்டமும் அங்கேதான் நடந்தது. அறுபது பேருக்கு டீ ஊற்றிய மும்முரத்தில், பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு ஒரு அட்டை, டயருக்கு ஒரு அட்டை, அவள் வண்டிக்கும் ஒரு அட்டை. பதினோரு வருஷமாக நிற்கிற இடம். காற்றுப் போன சக்கரங்கள் மண்ணில் பாதி புதைந்துவிட்டன.

எல்லம்மா யாரையும் போய்க் கேட்கவில்லை. கெஞ்சுவது அவளுக்கு வராது. அட்டையைத் தொடக்கூட இல்லை. தொட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஏழு மணிக்கு சிவராமன் வழக்கம்போல் வந்தார். "நாலு இட்லி. சட்னி கூட கொஞ்சம் ஊத்தும்மா."

மற்ற நாளாக இருந்தால், "இன்னா சார், ஊட்ல அக்கா சட்னியே அரைக்கிறதில்லியா?" என்று வம்புக்கு இழுத்திருப்பாள். அன்று தட்டை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன்."

செவ்வாய்க்கிழமை, அவள் இட்லிப் பானையைத் திறக்கத் திரும்பிய நேரத்தில், ஒடிசாக்காரன் பிபின் அட்டையைத் திருப்பி என்னவோ எழுதியது ஓரக்கண்ணில் பட்டது. அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஷெட்டுக்கே கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். புதனன்று அடுக்குமாடி லாவண்யா, கைப்பையைக் குடைந்து பேனா எடுத்து எழுதினாள். வியாழக்கிழமை ஏழெட்டுப் பேர். வெள்ளிக்கிழமை அவளுடைய பங்காளி வீட்டு ஆட்கள்கூட. தன்னைத் தூக்கிவிடச் சொல்லி ஊரே கையெழுத்துப் போடுகிறது. அதுவும் தட்டில் அவள் ஊற்றிய சட்னியை வழித்த கையால்.

சனிக்கிழமை, நசரத்பேட்டையில் குட்டியானை லோடு வண்டி ஓட்டும் தம்பி வரதனுக்குப் போன் போட்டாள்.

"காலைல உன் வண்டிய எட்த்துகினு வா. கடைய உன் தெருவுலயே போட்டுக்கலாம்."

"இன்னாக்கா திடீர்னு?"

"அவங்க தூக்கறதுக்கு முன்ன நாமளே தூக்கிடலாம் நைனா."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியும் கூடையுமாகத் தெருவே திரண்டு வந்தது. டீ இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. அக்காவும் தம்பியும் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் மண்ணை விட்டு வருவதாக இல்லை.

சிவராமன் கழுத்தில் விசில் ஆட ஓடிவந்தார். "ஏம்மா, இத எங்க கொண்டுட்டுப் போற?"

"ஏலத்துக்கு. உங்களுக்கு ஏன் சார் செரமம்?"

"என்ன ஏலம்?"

"செவப்பு அட்டை கட்டிக்கீறீங்களே. எம் புருசன் பத்து வருசம் இதத்தான் லாரில ஏத்துனாரு. எனக்குத் தெரியாதா?"

சிவராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அது ஃபேக்டரி அட்டைம்மா. அதுக்குப் பின்பக்கம் கிடையாது. இது நான் அடிச்சது. திருப்பிப் பாரு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரே திருப்பிக் காட்டினார். 'இது வேண்டும் என்பவர்கள் கையெழுத்து' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே தமிழ், தெலுங்கு, இந்தி, வட்டம் வட்டமாக ஒடியா. இடம் போதாமல் ஒரு துண்டுத் தாளும் குண்டூசி குத்தித் தொங்கியது.

"ஒரு கையெழுத்து இருந்தாலும் அந்தச் சாமானை எடுக்கப்படாதுன்னு கூட்டத்துல சொன்னேம்லா?"

"அப்ப நான் டீ ஊத்திகினு இருந்தேன்."

"எல்லாத்துக்கும் ஒரே ரூல்னு இதுக்கும் கட்டிட்டேன். உன்னக் கேட்டுட்டுக் கட்டியிருக்கணும். தப்புத்தான்."

எல்லம்மா பிபினைத் தேடிப் பிடித்தாள். "நீ இன்னாடா எழுதிக்கீற?"

"அக்கா இங்கேயே இருக்கணும்," என்றான் அவன். "காரச் சட்னி காரம் கொஞ்சம் கம்மி."

"ஒரு வாரமா எழுதினீங்களே, ஒருத்தருக்காவது வாய்ல சொல்லணும்னு தோணுச்சா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம்க்கா," என்றாள் லாவண்யா.

வரதன் பொறுமை இழந்தான். "அப்ப வண்டிய தூக்கறதா, வேணாமா?"

"தூக்கத்தான் வேணும்," என்றார் சிவராமன். "அடியில கல் பரப்பணும். சக்கரத்துக்குக் காத்தடிக்கணும்."

இருபது பேர் கை கொடுத்தார்கள். விசில் ஊதியதும் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வண்டி தரையை விட்டு எழுந்தது. குப்பை மேட்டுச் செங்கற்களே அடியில் தளமாக வந்து உட்கார்ந்தன.

எல்லம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு சிவராமனின் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அவர் சட்டைப் பொத்தானில் கட்டினாள். "சார் யாருக்குனா வேணும்னா கையெழுத்து போடுங்க. ஏழு நாள் டைம்."

அட்டை ஆடஆட அவர் பத்து மணிவரை வேலை வாங்கினார். ஃப்ரிட்ஜும் கட்டிலும் போயிருந்தன. டீ குடிக்க வந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். காலியாக இருந்தது.

"யாருமே போடலியே எல்லம்மா."

"இன்னா சார் அவசரம்," என்று தட்டில் நாலு இட்லியை வைத்து, கேட்காமலே இரண்டு கரண்டி சட்னியை ஊற்றினாள். "ஏழு நாள் கீதே."